கருப்பட்டித் தண்ணியில் விழாத ஈ

இனி வராது. செடியே இல்லை, பிறகு ஈ எங்கிருந்து வரும்? மண் இருந்தால்தான் பொடி ஈ. மண் போயிற்று, ஈயும் போயிற்று, அவ்வளவுதான் விஷயம். பேச்சியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையில் கீழ்வீட்டு ரோஸ்லின் டீச்சரும் வாட்ச்மேனும் சேர்ந்து தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். ஜன்னலடியில் தொட்டி இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கறை. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. போகாட்டி கிடக்கட்டும், கறையா வந்து அவுக மூஞ்சியில உக்காரப் போகுது? அவுக என்றால் அவள் புருஷன் வைகுண்டமணி. ரயில்வே பார்சல் ஆபீசில் காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனுஷன், இப்போது வாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் விழுந்து, இரும்புக் கட்டிலில் ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துக் கிடக்கிறார். இடது கை ஒன்றுதான் அவர் சொன்னபடி கேட்கும். மகன் சேர்மராஜ் மதுரையிலிருந்து கார் எடுத்துவிட்டான், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவான். அவன் வரும்போது இந்த வீட்டில் ஒரு ஈ இருக்கக்கூடாது. ஒன்றே ஒன்று இருந்தாலும் போச்சு, அப்பாவைத் தூக்கிக் காரில் வைத்து, மதுரையில் ஏதோ இல்லமாம், படுக்கையில் கிடக்கிறவர்களை வைத்துப் பார்க்கிற இடமாம், அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். சொன்னால் செய்கிறவன். அந்த விஷயத்தில் அப்பனை அப்படியே உரித்துவைத்திருக்கிறான். அதனால்தான் மத்தியானச் சோற்றைக்கூட அரையும்குறையுமாக விழுங்கிவிட்டு அவள் ஈ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கிடைத்த வேலையைப் பார் மனுஷிக்கு.

பொறிகளை அவள் எடுக்கவில்லை. செடி போனபிறகு இதெல்லாம் எதுக்கும்மா என்று வாட்ச்மேன்கூடக் கேட்டான். இருக்கட்டும், மிச்சம் மீதி இருந்தா விழட்டும் என்றாள். ஒன்று எவர்சில்வர் டம்ளர். கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்து, புளிக்கவிட்டு, அதில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு. அந்தச் சொட்டில்தான் சூட்சுமம். அது இல்லாவிட்டால் ஈ தண்ணீர் மேலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு, விருந்தாளி மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடும். சோப்பு இருந்தால் கால் வைத்ததும் உள்ளே. அடுத்தது கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் தலையை அறுத்துக் கவிழ்த்துச் செருகினது, அடியில் கனிந்து கறுத்த நாட்டு வாழைப்பழம். உள்ளே போன ஈக்கு வெளியே வரத் தெரியாது. வழி அங்கேயேதான் இருக்கிறது, தலைக்கு மேலே திறந்தே கிடக்கிறது. அது வெளிச்சத்தைப் பார்த்து ஓரத்திலேயே முட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் பார்க்கச் சகிக்காமல் திறந்துவிடப் போனாள். சீ, கூறு கெட்டவளே என்று தன்னையே வைதுகொண்டு கையை எடுத்துக்கொண்டாள். இன்னொன்று மஞ்சள் அட்டை. சேர்மராஜ் காலேஜில் வைத்திருந்த ஃபைல் அட்டைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, குச்சியில் கட்டித் தொட்டிக்குள் நட்டது. மஞ்சளைக் கண்டால் தேடிவந்து ஒட்டிக்கொள்ளுமாம். எல்லாம் டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான், கருப்பட்டி மட்டும் இவள் யோசனை. டீச்சர் வினிகர் என்றாள். வினிகருக்கு எங்கே போக, இனிப்பும் புளிப்பும் இருந்தால் ஈக்குப் போதாதா? டம்ளரைத் தினமும் கொட்டும்போது கறுப்புத் தூள் தூளாக மிதக்கும். அப்பாடா என்றிருக்கும். மறுநாள் விடிந்தால் அதே அளவு ஈ அவர் மூக்கைச் சுற்றும். கொட்டக் கொட்ட எங்கிருந்துதான் வருமோ. அவர் இடது கையால் விசிறுவார், கை சோர்ந்துபோகும், பிறகு கண்ணை மூடிக்கொள்வார். ஈ இமைமேல் நடக்கும். பார்சல் மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டினவர், ஒரு பொடி ஈயிடம் தோற்றுப்போய்க் கண்ணை மூடிக் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பழைய சேலை முந்தானையால் விசிறிக்கொண்டே இருப்பாள். எவ்வளவு நேரம்தான் விசிற?

இத்தனைக்கும் செடியென்றால் அவருக்கு உயிர். காசு கொடுத்து ஒரு செடி வாங்கினதில்லை. எந்த ஸ்டேஷனுக்கு மாற்று டியூட்டி போனாலும் ஒரு கொம்பை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, டிபன்பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு வருவார். கடம்பூரில் ஒடித்த குரோட்டன்ஸ், மணியாச்சியில் பிய்த்த மணிபிளாண்ட், சாத்தூரில் யாரும் பார்க்காத நேரத்தில் பிடுங்கின பாம்புக்கற்றாழை. பேர் தெரியாத இவள் ஊர்ப் பேரையே செடிக்கு வைத்துவிட்டாள். ஏங்க, கடம்பூர் வாடுதே, சாத்தூருக்குத் தண்ணி ஊத்தியாச்சா. அவர் சிரிப்பார். நல்ல சிரிப்பு, மேல்வரிசைப் பல் எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்து போட்ட அன்றே கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்து, பால்கனியில் இருந்த தொட்டி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து கட்டிலை ஒட்டி வைத்தாள். சும்மா சுவத்தைப் பாத்துக் கிடந்தா மனுஷன் என்னத்துக்கு ஆவாரு? வலது பக்கமாக ஒருக்களித்துப் போட்டால்தான் ஜன்னல் தெரியும். அதனால் வலது பக்கம். மாத்தி மாத்திப் படுக்க வைங்கம்மா, ஒரே பக்கமாப் போடாதீங்க என்று முதலில் வந்துபோன நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். சொன்னாள்தான். சுவர்ப்பக்கம் திருப்பினால் அவர் ஊ ஊவென்று அனத்துகிறாரே. செடி தெரியலைன்னு அழுறாவ என்று இவளுக்கு மனசு இளகிவிடும், திரும்பவும் ஜன்னல் பக்கமே போட்டுவிடுவாள். அப்புறம் அந்தத் தட்டல். செடியைப் பார்த்துப் படுத்தபடியே இடது கையைக் கீழே கொண்டுபோய், இடுப்புக்குப் பக்கத்தில், கட்டில் விளிம்பில் தட்டுத் தட்டென்று தட்டுவார். விளிம்பை ஒட்டித்தான் சாத்தூர் தொட்டி. தண்ணி ஊத்தச் சொல்லுதாவ. ஊற்றினாள். அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டாதே, செடிக்கு ஊத்து என்று நன்றாக இருந்த காலத்தில் பழக்கினவரே அவர்தானே. அவர் தட்டினார், இவள் ஊற்றினாள். மறுபடி தட்டினார், பருப்புக் கழுவினதை ஊற்றினாள், மிஞ்சின மோரை ஊற்றினாள். மண் சொதசொதவென்று ஆகிப் புளித்த வாடை வந்தது, பின்னாலேயே ஈ வந்தது. டீச்சர் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஒரு பக்கம் பொறி வச்சுப் பிடிக்கிய, இன்னொரு பக்கம் சோறு போட்டு வளக்கியளே அக்கா என்றாள். இவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள். ஆசையாகச் செய்கிறது எதுவும் அவள் கையில் விளங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கெட்டது. சேர்மராஜ் வீடியோ போட்டான். அவன் போடுகிற நேரம் தெரிந்து இவள் முன்னாலேயே அவருக்கு முகம் துடைத்து, பவுடர் போட்டு, தலை சீவி, திருநீறு பூசிவிடுவாள். அப்பா சாப்ட்டாவளா என்று அவன் கேட்டால் சாப்ட்டாவ, தூங்குதாவளா என்றால் நல்லாத் தூங்குதாவ, எந்தக் குறையும் இல்லய்யா என்று ஒப்பிப்பாள். அன்றைக்குப் பார்த்து ஒரு ஈ வந்து அவர் உதட்டில் உட்கார்ந்தது. போனைப் பிடித்திருந்த கையால் ஓட்ட முடியவில்லை, ஓட்டுவதற்குள் அது வாய்க்கோணத்தில் எச்சில் ஒழுகுகிற இடம்வரைக்கும் நடந்துபோய் நின்றது. அந்தப் பக்கம் சேர்மராஜும் அதைப் பார்த்துவிட்டான். அவன் அதட்டாமல் பேசினதுதான் பயம். மெதுவாகச் சொன்னான். எம்மா, செடியெல்லாம் தூக்கிரு. அடுத்தவாட்டி நான் வரும்போது அப்பா மூஞ்சியில ஈ பாத்தேன்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருவேன், ஒன்னாலயும் முடியலைல்லா. முடியலைல்லா. அந்தச் சொல் அவள் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. யாருக்கு முடியவில்லை? கல்யாணமான புதிதில் டைபாய்டில் அவள் பாயோடு பாயாகக் கிடந்தபோது, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, முகம் சுளிக்காமல், துணி அலசிப்போட்டவர் அவர். அவருடைய அக்காமார் வந்து கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று குழம்பு வைக்கப் போய்விட்டார். உப்பே இல்லாத குழம்பு. அந்த மனுஷனை வேறே யாரோ பெயர் தெரியாத பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு புரட்டுவார்களாம், இவள் போய், பார்க்கிற நேரத்துக்கு மணி அடித்தால் பார்த்துவிட்டு வரவேண்டுமாம். அவர் போய்விட்டால் இந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? விடிந்தால் யாருக்கு எழுந்திருக்க? கஞ்சியை யாருக்கு ஆற்ற? மகன் மதுரைக்கு வா என்பான், அவன் வீட்டில் ஒரு ஓரத்தில் டிவிக்கு முன்னால் உட்காரச் சொல்வான். பயமாக இருக்கிறது. வெளியே சொன்னால் வெட்கம், பயமாகத்தான் இருக்கிறது. நர்ஸையும் அந்தப் பயத்தில்தான் நிறுத்தினாள். அந்த நர்ஸ் சேர்மராஜுக்குப் போன் பண்ணி எதையாவது சொல்லிவைப்பாள், நாங்களே பாத்துக்கிடுவோம் தாயி என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

வெயில் இறங்கி ஜன்னல் கம்பி நிழல் அவர் நெஞ்சுக்கு வந்தது. ஈ இல்லை. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள், காலையில் மாற்றின கருப்பட்டித் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. பாட்டிலிலும் ஒன்றும் இல்லை. சுவரில் சாத்தின மஞ்சள் அட்டையில் பழையதுகள் மட்டும். பார்த்தியா, செடிதான், எல்லாம் செடிதான். மகன் வரட்டும், வந்து தேடிப் பார்க்கட்டும். சாம்பிராணி போடலாமா? இப்போதே போட்டால் அவன் வருவதற்குள் வாசம் போய்விடும். வாசம் எதற்கு? வாடைக்கு. மண் வாடைக்கு. மண்தான் போய்விட்டதே, பிறகு என்ன வாடை? தரை வாடை. கறைக்குள் இறங்கியிருக்கும். பினாயில் போட்டுத்தானே துடைத்தாள்? ஒருவேளை பழம். பாட்டிலில் கிடக்கிற பழம். ஆமாம், பழம்தான். அவருக்கும் கொஞ்சம் பவுடர் போட்டுவிட்டால் நல்லது, அந்த இடத்தில் மட்டும் படாமல். அந்த இடம் ஆறிவிட்டது. வலது இடுப்பு எலும்பு மேலே முதலில் சிவப்பாக இருந்தது, பிறகு கறுப்பாக. உடனே மஞ்சளை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பத்துப் போட்டு, பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக் கட்டினாளே. அவள் பிறந்த வீட்டில் எந்தப் புண்ணுக்கும் மஞ்சள் பத்துத்தான். போட்டால் அதைத் தொடக்கூடாது, பிரிக்கக்கூடாது, உள்ளே ஆறினதும் தானாகப் பேர்ந்து விழும், அதுவரைக்கும் மேலே மேலே பூசிக்கொண்டு வரவேண்டும். பிரித்தால் ஆறுகிற புண்ணும் ஆறாது. அவள் பிரிக்கவில்லை. தினமும் கட்டுத்துணியை மட்டும் விலக்கி மேலே பூசினாள். ஓடு மாதிரி கெட்டியாக, மஞ்சள் மஞ்சளென்று, தட்டினால் சத்தம் வரும்போல இருக்கிறது. அவ்வளவு கெட்டியாக இருந்தால் ஆறாமலா இருக்கும்? ஆறியிருக்கும். அதைப் பற்றி இப்போது என்ன. இப்போது ஈதான் விஷயம். ஈ இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இல்லாமல் இருந்தால் போதும், அவன் வந்து காபி குடித்துவிட்டு, அப்பா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரிம்மா என்று போய்விடுவான்.

வந்தது. ஒன்றுதான். எங்கிருந்து வந்ததென்று பார்க்கவில்லை, கண் சிமிட்டித் திறந்தபோது காற்றில் இருந்தது. பேச்சியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போ, அங்க போ, ஒனக்குத்தானே கருப்பட்டி வச்சிருக்கேன், போடி என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது டம்ளருக்கு நேராக வந்தது, விளிம்பைக்கூடச் சட்டை பண்ணவில்லை. பழத்தைத் தாண்டிற்று. மஞ்சள் அட்டைக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி அதையும் விட்டுவிட்டுக் கட்டிலுக்கு வந்தது. அவர் முகத்துக்குப் போகும் என்று முந்தானையைத் தூக்கினாள். முகத்துக்குப் போகவில்லை. இடுப்பில் வேட்டி மடிப்புமேல் இறங்கி, அவசரமே இல்லாமல் நடந்து, துணி உடம்போடு சேருகிற இடத்தில், அடியில் நுழைந்தது. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும், இப்போது வந்துவிடும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தன் வீட்டுக்குள் போன மாதிரி போயிற்று. அப்போது அவர் தட்டினார். கட்டில் விளிம்பில், அதே இடத்தில், தட்டுத் தட்டென்று. அவள் கை தன்னையறியாமல் அரிசித் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடிப் போய், பாதியில் நின்றது. ஊற்றுவதற்குத் தொட்டி இல்லை. விளிம்புக்கு அந்தப் பக்கம் வெறும் தரை, வட்டக் கறை. சாத்தூரும் இல்லை, கடம்பூரும் இல்லை. இவர் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னத்தத் தட்டுதிய? அங்கனதான் ஒண்ணும் இல்லையே" என்றாள் வாய்விட்டு.

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. தலையை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பி இவளைத்தான் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. கை தட்டிக்கொண்டே விளிம்பை விட்டு மேலே ஏறி, வலது இடுப்புக்கு அடியில் விரலை நுழைக்கப் பார்த்தது, முடியாமல் வழுக்கி விளிம்புக்கே திரும்பி வந்து மறுபடி தட்டிற்று. அவள் எழுந்து, அவர் தோளுக்கும் தொடைக்கும் கை கொடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். ஊ ஊவென்று அனத்தினார். செடிக்காக அழுகிறார் என்று அவள் நினைத்த அதே அழுகை. துணியை எடுத்தாள், ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்தாள். மஞ்சள் ஓடு மூடி மாதிரி ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்கு அடியிலிருந்து ஈ புறப்பட்டது, போன ஒன்றும், அதற்கு முன்பே அங்கே இருந்தவையும். மஞ்சளுக்கு அடியில் தோல் இல்லை. மேலே எவ்வளவு அழகாகக் காய்ந்திருந்ததோ உள்ளே அவ்வளவுக்கு அழுகிக் குழிந்துபோயிருந்தது. பழ வாடை இல்லை அது, மண் வாடை இல்லை. இத்தனை நாளும் சாம்பிராணி போட்டுப் போட்டு அவள் மூடினது இதைத்தான். வலிக்குது, இங்க பாரு என்று அவர் தட்டினார், இவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். இங்க பாரு பேச்சி என்று தட்டினார், இவள் மோர் ஊற்றினாள். செடி பார்க்கட்டும் என்று அந்தப் பக்கமாகவே படுக்கவைத்து, அவர் உடம்புப் பாரம் முழுக்க அந்தப் புண்மேலேயே கிடக்கும்படி செய்துவிட்டு, வீடெல்லாம் ஈக்குப் பொறி வைத்தாள். ஐயோ, நான் என்ன செஞ்சுட்டேன், என் ராசாவை என்ன செஞ்சுட்டேன்.

இதிலும் பார், அவள் கை சும்மா இருக்கவில்லை. துணியைத் திரும்ப மடித்தது. மேலே வைத்துக் கட்டிவிட்டால்? வேட்டியைச் சரியாகப் போர்த்தி, சாம்பிராணி நிறையப் போட்டு, கொசுவுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். மகன் என்ன, வேட்டியை விலக்கியா பார்க்கப் போகிறான்? அவன் போனபிறகு டாக்டரை வரவழைத்து, ஆறவைத்து, மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, இனிமேல் சரியாக, இனிமேல் எல்லாம் சரியாக. பவுடர் டப்பாவைக்கூட எடுத்துவிட்டாள். மூடியைத் திருகும்போது போன் அடித்தது. அவன்தான். எட்டயபுரம் தாண்டிவிட்டேன் என்றான், வழியில் அப்பாவுக்குப் பழம் வாங்கியிருப்பதாகச் சொன்னான், குரல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கேட்டான்.

"எம்மா, செடியெல்லாம் எடுத்தாச்சுல்லா, ஈ போயிட்டா?"

போயிட்டுய்யா என்கிற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. எந்தக் குறையும் இல்லய்யா. எத்தனை தடவை சொன்ன சொல், தானாகவே வரும். அவர் முதுகு அவளுக்கு நேராக இருந்தது. பிடரியில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது, நேற்று அவள் போட்டது. இந்தப் பக்கம் திறந்து கிடந்த புண்ணின் விளிம்பில் ஒரு ஈ திரும்பி வந்து உட்கார்ந்தது. அதை ஓட்டினாள்.

"ஈ செடியில இல்லய்யா" என்றாள். "அப்பா ஒடம்புல இருக்கு. நான் பாக்காம விட்டுட்டேன். நீ வந்து இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரு."

அவன் என்னென்னவோ கேட்டான். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை, போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டாள். அதற்குள்ளிருந்து எம்மா, எம்மா என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தானையால் புண்ணுக்கு மேலே விசிறத் தொடங்கினாள். அவர் சுவரைப் பார்த்து மெல்ல மூச்சுவிட்டுக் கிடந்தார். இடது கை விரல்கள் விரிந்தபடி மெத்தையில் கிடந்தன. அவர் தட்டவில்லை.